அம்மாவிடம் கேட்க வேண்டிய ஒரே ஒரு கேள்வி

வாசகர் கேள்வி:

எனக்கு வயது 25. நோர்வூட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். ஏ.எல். படிக்கும்போது மேல் டிவிசனில் இருந்த ஒருவரை விரும்பினேன். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். விசயம் தெரிந்ததும் அப்பா டியூசனை நிறுத்தினார். நான் விரும்பியவர் ஒரு வார்த்தையும் சொல்லாமல் கொழும்புக்குப் போய்விட்டார். புறக்கோட்டையில் கடையில் நின்றவர் இப்போது ஹட்டனில் போன் திருத்தும் கடை போட்டிருக்கிறார். ஒரு வருடமாக மறுபடி பேசுகிறோம். பெண் கேட்டு வரவா என்கிறார். அப்பாவிடம் ஜாடையாகச் சொன்னேன். "எந்த வீடா இருந்தாலும் பாக்கலாம், அந்த வீடு மட்டும் வேணாம்" என்றார். காரணம் சொல்லவில்லை.

போன மாதம் பாஸ்போட்டுக்காக முதன்முதலாக நானே பிறப்புப் பத்திரம் எடுத்தேன். இதுவரை அம்மாதான் எங்கும் கொண்டுபோய்க் கொடுப்பார். தகப்பன் பெயர் வர வேண்டிய இடத்தில் கோடு போட்டிருக்கிறது. பெற்றோர் விவாகமானவர்களா என்பதற்கு "இல்லை". பிறந்தது 2000 ஏப்ரல், இடம் கொழும்பு காசல் வீதி ஆஸ்பத்திரி என்று இருக்கிறது. அத்தை ஒரு சண்டையில் "எங்கண்ணன் வளத்த புள்ளதானே நீ" என்று சொன்னது இப்போது நினைவுக்கு வருகிறது. நான் விரும்புகிறவருடைய அப்பாவுக்கும் எங்கள் அம்மாவுக்கும், அந்த மனிதரின் கல்யாணத்துக்கு முந்திப் பழக்கம் இருந்தது என்று அம்மாயி ஒருமுறை வாய்தவறிச் சொன்னார். அந்த மனிதர் இறந்து மூன்று வருடம். அப்படியென்றால் நான் விரும்புகிறவர் எனக்கு அண்ணனா? இரவில் தூக்கமில்லை. அத்தை மகளைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. பேசாமல் ரெஜிஸ்டர் செய்துகொண்டு கொழும்புக்குப் போய்விடலாமா? அவரிடம் இதைச் சொல்வதா, வேண்டாமா?

பதில்:

அன்பின் தங்கைக்கு,

நீங்கள் கேட்டிருப்பவை பல. உடனே பதில் தேட வேண்டியது ஒன்றுதான்: இறந்துபோன அந்த மனிதர் உங்களைப் பெற்றவரா, இல்லையா. அவர் இல்லையென்றால் வேறு யார் என்பது இன்னொரு கேள்வி. அதை ஆறுதலாகக் கேட்கலாம், கடைசிவரை கேட்காமலும் விடலாம். இந்தக் கல்யாணம் நடக்கலாமா கூடாதா என்பதற்கு முதல் கேள்வியின் பதில் மட்டும் போதும். இரண்டையும் உங்கள் மனதிலேயே பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவோடு பேசும் நேரத்தில் அதுதான் உங்களுக்கும் அவருக்கும் கைகொடுக்கும்.

பதில் தெரியும்வரை பதிவுத் திருமணம் வேண்டாம், அவரோடு உறவை முறிக்கவும் வேண்டாம். நெருக்கம் எல்லை தாண்டியிருந்தால் இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். நாள் தள்ளிப்போயிருந்தால் தாமதிக்காமல் வைத்தியரிடம் போங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. காலம் கடத்தினால்தான் சிக்கல்.

முதலில் அந்தப் பத்திரத்தை நிதானமாக வாசிப்போம். தகப்பன் பெயர்க் கூட்டில் கோடு இருப்பதை மட்டும் வைத்து, வளர்த்த அப்பா பெற்ற அப்பா இல்லை என்று முடிவெடுக்க முடியாது. பெற்றோர் விவாகப் பதிவு செய்யாதவர்கள் என்றால், தாயும் தகப்பனும் சேர்ந்து கேட்டு, இருவரும் கையொப்பம் வைத்தால்தான் தகப்பன் பெயர் பதிவாகும். தாய் தனியாகப் போய் ஒரு பெயரைச் சொன்னால் பதிவாளர் எழுத மாட்டார். தோட்டங்களில் அந்தத் தலைமுறையில் கோயிலில் தாலி கட்டியதோடு நின்று, பதிவுக்குப் போகாதவர்கள் ஏராளம். பிரஜாவுரிமைப் பத்திரமும் அடையாள அட்டையும் இல்லாதவர்கள் அரசாங்கக் கந்தோர்ப் படியேறவே தயங்கினார்கள். இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை அந்தச் சிக்கல் பல வீடுகளில் இருந்தது. தகப்பன் வேறு ஊரில் வேலையில் இருந்த நேரம் பிள்ளை பிறந்திருந்தாலும் அந்தக் கூடு வெறுமையாகவே போயிருக்கும். அதனால் கோடு போட்ட பத்திரம் வைத்திருந்தும் வளர்த்தவருக்கே பிறந்த பிள்ளைகள் மலையகத்தில் இருக்கிறார்கள்.

உங்கள் விசயத்தில் அத்தையின் வார்த்தை வேறு இருக்கிறது. ஆகவே அந்த விளக்கத்தோடு நின்றுவிட முடியாது. ஆனால் நீங்கள் போகிறபோக்கில் எழுதிவிட்ட ஒரு விவரத்தைத்தான் நான் பெரிதாக எடுக்கிறேன்: பிறந்த இடம். நோர்வூட் பக்கத் தோட்டமொன்றில் இருந்த தாய்க்குப் பிரசவம் என்றால் தோட்டத்து ஆஸ்பத்திரி, இல்லாவிட்டால் டிக்கோயா, சிக்கலென்றால் நாவலப்பிட்டி, நுவரெலியா, கண்டி. கொழும்புவரை யாரும் கொண்டுபோவதில்லை. காசல் வீதியில் நீங்கள் பிறந்தீர்கள் என்றால், அம்மா அந்தக் காலத்தில் கொழும்பிலேயே இருந்தார் என்பதுதான் நம்பக்கூடிய விளக்கம். தோட்டத்திலிருந்து போன ஓர் இளம்பெண் கொழும்பில் இருந்தாள் என்றால் அனேகமாக யாரோ ஒருவர் வீட்டில் வேலைக்கு நின்றிருப்பாள்.

இதோடு நாட்கணக்கையும் வைத்துப் பாருங்கள். கருத்தரித்த நாளிலிருந்து நிறைமாதப் பிரசவம்வரை ஏறக்குறைய 266 நாள். 2000 ஏப்ரலில் பிறந்த பிள்ளை 1999 ஜூலை அளவில் உண்டாகியிருக்க வேண்டும். குறைமாதமாகப் பிறந்திருக்கக்கூடும் என்று இடம் விட்டால் ஜூன் கடைசியிலிருந்து செப்டெம்பர் நடுப்பகுதிவரை. அந்த நாட்களில் அம்மா எங்கே, அந்த மனிதர் எங்கே? நீங்கள் விரும்புகிறவர் உங்களைவிட இரண்டு வயது மூத்தவர் என்கிறீர்கள். அப்படியானால் 1999இல் அந்த மனிதருக்குக் கல்யாணமாகி, கையில் ஒரு குழந்தையும் இருந்திருக்கிறது. அம்மாயி சொன்ன பழக்கமோ அவர் கல்யாணத்துக்கு முந்தியது. இடையில் குறைந்தது ஒன்றரை, இரண்டு வருடம் இருக்கிறது.

இவையெல்லாம் உங்கள் பயத்துக்கு எதிராகத்தான் நிற்கின்றன. ஆனால் இதுவே தீர்ப்பு இல்லை. ஆடி மாதத் திருவிழாவுக்கு அம்மா லீவு எடுத்து ஊருக்கு வந்திருக்கலாம், அதுவும் அந்த ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில்தான் விழும். அந்த மனிதர் கொழும்புக்குப் போய்வந்திருக்கலாம். ஆகவே கேட்டே ஆக வேண்டும்.

அப்பாவின் பேச்சை வைத்தும் நீங்கள் பயப்படுகிறீர்கள். இரத்த உறவு என்பதாலேயே அவர் தடுக்கிறார் என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு வேறொன்று கூடுதலாகப் பொருந்துவதாகத் தெரிகிறது. அந்த வீட்டுக்காரர்களுக்கு உங்கள் அம்மாவின் பழைய கதை தெரியும். மாமியார் மருமகள் சண்டை ஒன்று வரும் நாளில், "உங்கம்மா எப்படிப்பட்டவ, நீ யாருக்குப் பொறந்தவ" என்று கேட்கக்கூடிய வாய் இந்தச் சுற்றுவட்டத்திலேயே அந்த ஒரு வீட்டில்தான் இருக்கிறது. வேறு எந்த வீடானாலும் சம்மதம் என்று சொல்லும் தகப்பன், மகளை அந்தச் சொல்லிலிருந்து காப்பாற்றப் பார்க்கிறார் என்று எடுத்துக்கொண்டால் அவர் பேசியது முழுவதும் பொருந்துகிறது. உங்கள் அப்பாவைப் பற்றி நீங்கள் எழுதியதில் எனக்குத் தெரிவது, இவ்வளவு வருடமும் அத்தை வாயைத் தவிர வேறு எங்கிருந்தும் அந்தப் பேச்சு உங்கள் காதில் விழாமல் பார்த்துக்கொண்ட மனிதர் என்பது. அவரிடம் கோபத்தோடு போகாதீர்கள்.

அதனால்தான் முதலில் அப்பாவிடம் கேட்க வேண்டாம் என்கிறேன். அம்மாவிடம்தான் கேட்க வேண்டும். எங்கே, எப்போது என்பது முக்கியம். லயத்தில் வேண்டாம். பழைய லயங்களில் வரிசையாக ஒட்டியிருக்கும் காம்பராக்களுக்கு நடுவில் உள்ள சுவர் கூரைவரை போவதில்லை. நீங்கள் மெல்லப் பேசினாலும் பக்கத்துக் காம்பராவில் இருப்பவர்கள் அழுகையைக் கேட்பார்கள். கேட்பார்கள் என்று அம்மாவுக்குத் தெரியும், அதனாலேயே உண்மையை விழுங்குவார். தனி வீடு என்றாலும் அப்பா வெளியே போயிருக்கும் நேரமாக இருக்க வேண்டும். சம்பள நாள் மாலை வேண்டாம். கொழுந்து நிறுத்துவிட்டுக் களைத்து வரும் நேரமும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலை விறகுக்கோ கோயிலுக்கோ இருவரும் நடந்து போகும் பாதை நல்லது. ஹட்டனுக்கு கிளினிக் போகும் நாளும் சரி. பக்கத்தில் பக்கத்தில் நடந்தால் முகம் பார்த்துப் பேச வேண்டியதில்லை. இப்படிப்பட்ட பேச்சுக்கு அது பெரிய உதவி.

பத்திரத்தைக் கையில் கொண்டுபோய் நீட்டாதீர்கள், அது விசாரணை போலாகிவிடும். இப்படித் தொடங்கலாம்: "அம்மா, பாஸ்போட்டுக்கு எடுத்த பத்திரத்தைப் பாத்தேன். எனக்கு அப்பான்னா அப்பாதான், அதுல மாத்தமில்ல. முழுக்கதையும் நான் கேக்கல. ஒன்னே ஒன்னு மட்டும் சொல்லுங்க. மேல் டிவிசன்ல இருந்து செத்துப்போனாரே, அவரு எனக்குப் பெத்தவரா?" இல்லை, ஆம் என்று ஒரே சொல்லில் பதில் சொல்லக்கூடிய கேள்வியாக அது இருக்க வேண்டும். "நான் யாருக்குப் பிறந்தேன்" என்று கேட்டால் அம்மா ஒரு பெயரைச் சொல்லியாக வேண்டும். அந்தப் பெயர் அவர் வாயிலிருந்து வரக்கூடாத பெயராக இருக்கலாம்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், கொழும்பு வீட்டில் வேலைக்கு நின்ற ஓர் இளம்பெண், தகப்பன் பெயரில்லாத பிள்ளை என்று இரண்டும் சேரும்போது, அங்கே நடந்தது அம்மாவின் விருப்பத்தோடு நடந்தது என்று நாம் எடுத்துக்கொள்ள முடியாது. காதலாகவும் இருந்திருக்கலாம், வன்முறையாகவும் இருந்திருக்கலாம். உங்களுக்குத் தேவையான பதிலைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. மற்றதைச் சொல்வதா வேண்டாமா என்பது அம்மாவின் உரிமை. அவராகச் சொல்ல ஆரம்பித்தால் குறுக்கிடாமல் கேளுங்கள். "ஏன் இவ்வளவு நாளாச் சொல்லல" என்ற கேள்வியை மட்டும் கேட்காதீர்கள். பழைய நினைவு கிளறப்பட்டு அம்மா சாப்பிடாமல், தூங்காமல் கிடந்தால் பிரதேச செயலகத்தில் உள்ள உளவளத்துணை உத்தியோகத்தரைப் பார்க்கலாம். 1926 என்ற தேசிய மனநல இலக்கத்துக்கு இரவிலும் பேசலாம். தூக்கமில்லை என்று எழுதிய உங்களுக்கும் அந்த இலக்கம்தான்.

பேச்சு எங்கே குழம்பும் என்பதையும் சொல்கிறேன். "யார் சொன்னது?" என்றுதான் அம்மா முதலில் கேட்பார். அத்தையின் பெயரையோ அம்மாயியின் பெயரையோ சொன்னீர்களோ, பேச்சு அவர்கள் சண்டையாக மாறிவிடும், உங்கள் கேள்வி காணாமல் போய்விடும். "பத்திரத்துல பாத்தேன்" என்பதிலேயே நில்லுங்கள். அடுத்தது, கோபத்தில் வரும் "ஆமா". கல்யாணத்தை நிறுத்துவதற்கு அதைவிடச் சுலபமான வழி இல்லை என்பதால் ஒரு தாய் அப்படிச் சொல்லிவிடக்கூடும். அவமானத்தில் வரும் "இல்ல" என்பதும் அப்படித்தான். இரண்டையும் அந்த நிமிடமே முடிவாக எடுக்காதீர்கள். சில நாள் விட்டு, வேறு பேச்சின் நடுவே, கொழும்பில் எந்த வருடம் எந்த மாதம் போனார், நடுவில் ஊருக்கு வந்தாரா, திரும்பி வந்தபோது நீங்கள் எத்தனை மாதக் குழந்தை என்று கேளுங்கள். மேலே சொன்ன நாட்கணக்கோடு அது பொருந்துகிறதா என்று பாருங்கள். அம்மா வாயே திறக்காவிட்டால் அம்மாயியிடம் இதே ஒற்றைக் கேள்வியோடு போங்கள். மகள் எப்போது வேலைக்குப் போனாள், எப்போது குழந்தையோடு வந்தாள் என்பது அவருக்கு மறந்திருக்காது.

அம்மாவும் அம்மாயியும் "இல்லை" என்று சொல்லி, நாட்கணக்கும் ஒத்துவந்தால் எனக்கு அது போதும். உங்களுக்கும் போதும் என்றால் பரிசோதனை எதுவும் தேவையில்லை. "ஆம்" என்று சொன்னாலோ, பதில் தெளிவில்லாவிட்டாலோ, சந்தேகம் மனதை விட்டுப் போகாவிட்டாலோ மரபணுப் பரிசோதனைதான் வழி. கொழும்பில் தனியார் ஆய்வகத்தில் செய்யலாம். ஆனால் எந்தப் பரிசோதனை என்பதில் கவனம் தேவை, இங்கேதான் பலர் காசைக் கொட்டிவிட்டுக் குழம்பிப்போய்த் திரும்புகிறார்கள்.

தகப்பன் உயிரோடு இருந்தால் அவரையும் பிள்ளையையும் ஒப்பிட்டுச் சந்தேகத்துக்கு இடமில்லாத பதில் சொல்லிவிடலாம். அவர் இறந்துவிட்டதால் உங்களையும் நீங்கள் விரும்புகிறவரையும் ஒப்பிட நினைப்பீர்கள். தாய் வேறு, தகப்பன் ஒன்று என்ற அண்ணன் தங்கைக்கு மரபணுவில் சராசரியாகக் கால்பங்குதான் பொதுவாக இருக்கும். அது கூடிக் குறையும். வழக்கமான பரிசோதனையில் "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்" என்ற மாதிரி முடிவு வருவது சகஜம். இரண்டு தாய்மாரின் மாதிரிகளையும் சேர்த்துக் கொடுத்தால் கணக்குக் கொஞ்சம் தெளியும். அவருடைய சித்தப்பா, பெரியப்பாவோடு ஒப்பிடுவதும் இதே அளவு மங்கலான பதிலைத்தான் தரும். ஆண்வழியில் மட்டும் போகும் வை நிறமூர்த்தத்தை (குரோமோசோம்) பார்க்கும் பரிசோதனை உங்களுக்குப் பயன்படவே படாது, பெண்ணுக்கு அது இல்லை.

அவருக்கு ஒரே தகப்பனுக்குப் பிறந்த அக்கா, தங்கை யாராவது இருந்தால் விசயம் மாறுகிறது. ஓர் ஆணிடம் எக்ஸ் நிறமூர்த்தம் ஒன்றுதான் இருக்கும். அதை அவர் தன் மகள்மார் எல்லாருக்கும் அப்படியே கொடுக்கிறார். ஆகவே நீங்கள் அந்த மனிதரின் மகள் என்றால், உங்களிடமும் அந்தப் பெண்ணிடமும் ஒரு எக்ஸ் முழுவதுமாக ஒன்றாக இருந்தாக வேண்டும். பார்க்கும் இடங்களில் பலவற்றில் பொதுவாக எதுவும் இல்லையென்றால் நீங்கள் சகோதரிகள் இல்லை என்று உறுதியாகச் சொல்லிவிடலாம். அந்த மனிதரின் தாய் உயிரோடு இருந்தால் அவரோடும் இதே எக்ஸ் பரிசோதனை செய்யலாம், மகனின் எக்ஸ் தாயிடமிருந்து வந்ததுதானே. காசு கட்டுமுன் "எக்ஸ் நிறமூர்த்தப் பரிசோதனை செய்வீர்களா" என்று ஆய்வகத்தில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். கன்னத்தின் உட்புறம் பஞ்சுக் குச்சியால் தடவி எடுப்பார்கள், ஊசி இல்லை. அதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து சாப்பாடு, தேத்தண்ணி எதுவும் வேண்டாம். வெற்றிலை போடும் பழக்கம் உள்ளவர் என்றால் வாயை நன்றாகக் கொப்பளிக்க வேண்டும்.

இதற்கு ஒரு விலை உண்டு: அந்தப் பெண்ணுக்கோ பாட்டிக்கோ காரணம் தெரிந்தாக வேண்டும். தெரியாமல் சீப்பிலிருந்து முடியை எடுத்து அனுப்பலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒருவரின் சம்மதமில்லாமல் எடுத்த மாதிரியை நல்ல ஆய்வகம் ஏற்காது. உதிர்ந்த முடியில் வேரும் இருக்காது, வேர் இல்லாமல் இந்தப் பரிசோதனை நடக்காது.

முடிவு "ஆம்" என்று வந்தால் வேறு வழியில்லை, தங்கச்சி. தாயாலோ தகப்பனாலோ மட்டும் உடன்பிறந்தவர்களுக்கிடையில் நடக்கும் திருமணத்தை 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் செல்லாது என்கிறது, குற்றமாகவும் வைத்திருக்கிறது. பத்திரத்தில் தகப்பன் பெயர் இல்லை என்பதால் அந்தத் தடை நீங்காது. நீங்கள் கேட்ட "ரெஜிஸ்டர் செய்துகொண்டு போய்விடலாமா" என்பதற்கும் இதுவே பதில். பதிவாளருக்கு உங்கள் பத்திரத்திலிருந்து எதுவும் தெரியப்போவதில்லை, பதிவும் நடந்துவிடும். நாளைக்கு உண்மை வெளியே வந்தால் அந்தப் பதிவுக்கு மதிப்பில்லை, அதற்குள் பிள்ளையும் பிறந்திருக்கும். அப்படி ஒரு முடிவு வந்தால் ஊருக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை, "வீட்டில் சம்மதிக்கவில்லை" என்பது போதும். ஆனால் இருவரும் தனித்தனியாக ஒரு உளவளத்துணையாளரைப் பார்க்க வேண்டும். இந்த மாதிரிப் பிரிவில் அழுவதற்குக்கூட வெட்கப்படுவார்கள். நீங்கள் இருவரும் தெரிந்து செய்த தவறு எதுவும் இதில் இல்லை.

"இல்லை" என்று வந்தால், அதையே கல்யாணத்துக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு விடாதீர்கள். இவ்வளவு நேரமும் அவர் அண்ணனா என்று மட்டும் பார்த்தோம். அவர் நல்ல கணவராக இருப்பாரா என்று நீங்கள் இன்னும் பார்க்கவில்லை. பதினேழு வயதில் தெரிந்த பையனைத்தான் உங்களுக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லாமல் போனவர் அவர். ஏன் போனார் என்று கேட்டீர்களா? உங்கள் அப்பா மிரட்டினாரா, அவருடைய அப்பா அனுப்பினாரா, அவரே பயந்து ஓடினாரா? இதற்கு அவர் சொல்லும் பதிலைவிட, சொல்லும் விதத்தைக் கவனியுங்கள். எல்லாப் பழியையும் பெரியவர்கள்மேல் போடுகிறவர், நாளைக்குத் தாய்க்கும் உங்களுக்கும் நடுவில் நிற்க வேண்டிய நேரத்திலும் அதையேதான் செய்வார். கடைக்கு எவ்வளவு கடன், லீசிங் ஏதும் கட்டுகிறாரா, மாதம் என்ன மிஞ்சுகிறது, குடிக்கிறாரா, கொழும்பில் வேறு பதிவுத் திருமணமோ பழக்கமோ இருந்ததா என்று நேராகக் கேளுங்கள். கடைக்கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். கல்யாணத்துக்குப் பிறகு எங்கே இருப்பது என்பதையும் இப்போதே பேசுங்கள். உங்கள் அப்பாவின் பயம் நான் நினைக்கிற பயம்தான் என்றால், மாமியாரோடு ஒரே காம்பராவில் இருப்பது நல்லதில்லை. ஹட்டனில் ஒரு சிறிய வாடகை வீடு என்பது கல்யாண மண்டபத்தைவிட முக்கியமான செலவு.

அவரிடம் சொல்ல வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பரிசோதனை தேவைப்பட்டால் முன்கூட்டியே சொல்லித்தான் ஆக வேண்டும், வேறு வழியில்லை. தேவைப்படாவிட்டாலும் பெண் கேட்டு வருவதற்கு முன் சொல்லுங்கள், ஆனால் உங்களுடைய பகுதியை மட்டும்: "அப்பா என்னை வளத்தவரு. பத்திரத்துல தகப்பன் பேரு இல்ல." அம்மாவின் பகுதியைச் சொல்ல உங்களுக்கு அம்மாவின் அனுமதி வேண்டும். பதிவு நாளன்று பத்திரத்தைப் பார்த்து அவர் தெரிந்துகொள்வதைவிட உங்கள் வாயால் தெரிந்துகொள்வது நல்லது. அவர் வீட்டுக்கு ஏற்கெனவே தெரிந்த விசயம்தான் என்றால், தன் தாய் இதைப் பேச்சில் எடுத்தால் என்ன செய்வார் என்று அப்போதே கேட்டுவிடுங்கள். "எங்கம்மா அப்படியெல்லாம் சொல்ல மாட்டாங்க" என்பது பதில் இல்லை.

பிறகுதான் அப்பா. நீங்களே நேரில் போய் வாதாடாதீர்கள். தாய்மாமனை அனுப்புங்கள். தோட்டத் தலைவரையோ கோயில் கமிட்டிக்காரரையோ அழைத்தால் காரணம் என்ன என்று பத்துப்பேர் கேட்பார்கள். மாமா சொல்ல வேண்டியது: பிள்ளைக்கு எல்லாம் தெரியும், தெரிந்த பிறகும் நீங்கள்தான் அப்பா என்கிறாள், அந்த வீட்டோடு ஒன்றாக இருக்கப்போவதில்லை. இந்த மூன்றையும் கேட்ட பிறகு அவர் பயத்துக்கு வேலை குறைந்துவிடும். ஒரே நாளில் சரி என்று சொல்ல மாட்டார். இரண்டு மூன்று மாதம் கொடுங்கள்.

அப்பாவின் பெயரை இப்போது பத்திரத்தில் சேர்க்கலாமே என்று யாராவது ஆலோசனை சொல்லக்கூடும். அவர் பெற்றவர் இல்லையென்றால், பெற்றவர் என்று பொய்ப் பிரகடனம் கொடுப்பது குற்றம். வயது வந்தவரைத் தத்தெடுக்கவும் சட்டத்தில் இடமில்லை. அது இல்லாமலே எல்லாம் நடக்கும். விவாகப் பதிவில் தகப்பன் பெயருக்கு ஒரு கூடு உண்டு, அது வெறுமையாக இருப்பதால் திருமணம் செல்லாமல் போகாது. சிக்கல் வருவது வேறு இடத்தில்: பாடசாலைச் சான்றிதழ்களில் அப்பாவின் பெயர் முதலெழுத்தோடும், பிறப்புப் பத்திரத்தில் அது இல்லாமலும் உங்கள் பெயர் இருக்கும். இரண்டும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக்கடதாசி முடித்து வைத்துக்கொள்ளுங்கள், பாஸ்போட்டுக்கும் உதவும். அப்பா உங்கள் கைப்பிடித்துத் தாரைவார்ப்பதற்கோ, அழைப்பிதழில் அவர் பெயரைப் போடுவதற்கோ எந்தப் பதிவாளரின் அனுமதியும் தேவையில்லை.

எவ்வளவு பொறுத்தும் அப்பா இறங்கிவராவிட்டால், நீங்கள் 18 வயது தாண்டியவர். சட்டத்துக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டியதில்லை. நீங்கள் வசிக்கும் பிரிவின் விவாகப் பதிவாளரிடமும், அவர் வேறு பிரிவு என்றால் அந்தப் பதிவாளரிடமும் அறிவித்தல் கொடுக்க வேண்டும். பிறப்புப் பத்திரமும் அடையாள அட்டையும் கொண்டுபோங்கள். அறிவித்தல் கொடுத்து மூன்று மாதத்துக்குள் இரண்டு சாட்சிகளோடு பதிவை முடிக்க வேண்டும், தவறினால் திரும்ப முதலிலிருந்து. வீட்டை விட்டுப் போன நாளில் காணவில்லை என்று பொலிசில் முறைப்பாடு போனால், ஒளிந்திருக்காமல் அடையாள அட்டையோடு நேரில் போய் "நானாகப் போனேன்" என்று வாக்குமூலம் கொடுங்கள். அடி, மிரட்டல் என்று ஏதும் நடந்தால் பெண்களுக்கான 1938 இலக்கம் இருக்கிறது, சட்ட உதவி ஆணைக்குழுவில் காசில்லாமல் ஆலோசனை கேட்கலாம். ஆனால் இந்த வழி, அம்மாவின் பதில் கையில் கிடைத்த பிறகு மட்டும்.

இன்னொன்று. பத்திரத்தின் படத்தை அத்தை மகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் இன்றைக்கே இரண்டு போனிலும் அழித்துவிடுங்கள், அழித்ததை நேரில் பாருங்கள். நீங்கள் விரும்புகிறவரிடமும் இதைப் போனில் எழுத வேண்டாம், குரல் பதிவும் வேண்டாம். கடையில் மற்றவர்கள் கையில் படும் போன் அது. ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டிய பிறகு நேரில் சொல்லுங்கள், அதுவும் அம்மாவிடம் பேசிய பிறகு.